கோடையில் ஆர்வி எடுத்துக் குடும்பத்தோடு போனால் சுகமா, தொல்லையா?

அமெரிக்காவில் மூன்று தேசியப் பூங்காக்களை ஆர்வியில், அதாவது படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியில், சுற்ற நினைப்பவர் ஒருவர் கேட்டு எழுதியது இது: "ஜூலையில் 10 நாள் விடுமுறை. டென்வரில் ஆர்வி வாடகைக்கு எடுத்து பேட்லாண்ட்ஸ், யெல்லோஸ்டோன், அப்படியே க்ளேசியர் வரை போய்த் திரும்ப நினைக்கிறோம். நான்கு பேர். ஆர்வி ஓட்டிப் பழக்கமில்லை. சுகமாக இருக்குமா, தொல்லையா?"

க்ளேசியரை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட இதே சுற்றை இரண்டு கோடைக்கு முன் நாங்கள் போய் வந்தோம். நான், மனைவி, பையன், மகள், மாமியார் என்று ஐந்து பேர். 28 அடி நீளமுள்ள கிளாஸ் சி வண்டி, அதாவது ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ரகம். 12 நாள், சுமார் 1,700 மைல். சுகம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தச் சுகம் பூராவும் வண்டி நின்றபோது கிடைத்தது. ஓடியபோது கிடைத்ததெல்லாம் தொல்லை.

முதல் நாள் டென்வரிலிருந்து வடக்கே கிளம்பியதுமே அது புரிந்தது. ஆர்வி என்பது சக்கரம் வைத்த பெட்டி. வயோமிங்கில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று அந்தப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பெரிய லாரி தாண்டிப் போனால் முதலில் தள்ளும், அப்புறம் இழுக்கும். பின்னால் தட்டும் கரண்டியும் டம்ளரும் கச்சேரி நடத்தும். பிள்ளைகளிடம் "மேலே படுத்துக்கொண்டே போகலாம்" என்று ஆசை காட்டியிருந்தேன், அது பொய். ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். போன் வரைபடம் ஆறு மணி நேரம் என்று காட்டினால் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு காலனுக்கு 9 மைல்தான் கிடைத்தது. 1,700 மைலுக்குச் சுமார் 190 காலன்; அப்போதைய பெட்ரோல் விலையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். வாடகையையும், ராத்திரி வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டின் கட்டணத்தையும் சேர்த்தால், காரில் போய் மோட்டலில் தங்குவதைவிட மலிவு என்ற கணக்கு எங்களுக்கு உதைத்தது.

பயந்தது பிக்ஹார்ன் மலையில். பஃபலோ ஊரிலிருந்து 16-ஆம் எண் நெடுஞ்சாலை 9,666 அடி உயரமுள்ள பவுடர் ரிவர் கணவாய்வரை ஏறி, டென் ஸ்லீப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ஏறும்போது இன்ஜின் மூச்சு வாங்கியது, அதுகூடப் பரவாயில்லை. இறக்கத்தில் நான் காரில் செய்கிற மாதிரி பிரேக்கிலேயே காலை வைத்திருந்தேன். பாதி வழியில் கருகிய வாடை. மாமியார், "மாப்பிள்ளை, அடுப்பு ஏதாவது எரியுதா?" என்றார். எரிந்தது பிரேக். ஓரம் கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். கியர் கம்பியின் நுனியில் 'டோ ஹால்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டுத் தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது காட்டிய அரை மணி நேர வீடியோவில் இதையும் சொன்னார்களாம். பையன் கவனித்திருக்கிறான், நான் கவனிக்கவில்லை.

இனி டேங்க் விஷயம். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் நான்கு நாளில் பழகிவிடும். மொத்தம் மூன்று: நல்ல தண்ணீர், குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்குச் சாம்பல் டேங்க், கழிவறைக்குக் கறுப்பு டேங்க். கையுறை போட்டுக்கொண்டு முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும், பிறகு சாம்பலை. சோப்புத் தண்ணீர் போகும்போது ஹோஸையும் கழுவிவிட்டுப் போகும். கழிவுக் குழாய் இணைப்புள்ள இடத்தில் நின்றாலும் கறுப்பின் வால்வைத் திறந்தே விட்டுவிடாதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது உள்ளே குவிந்து இறுகும். டேங்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் விளக்குகளை நம்பவே வேண்டாம். எங்களுடையது காலி செய்த ஐந்தாவது நிமிடத்திலேயே "முக்கால்" என்றது.

மின்சாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவைப் போட்டு, மகள் தலை காயவைக்க டிரையரையும் எடுத்தால் பிரேக்கர் விழும். பேட்லாண்ட்ஸில், சீடர் பாஸ் கேம்ப்கிரவுண்டில், வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய சாயங்காலம் இருமுறை விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது வெறுத்துப்போய் எல்லோரும் நாற்காலியோடு வெளியே வந்தோம். அந்தக் கோடு கோடான மண் குன்றுகள் முதலில் மஞ்சளாகி, பிறகு ரோஜா நிறமாகி, கடைசியில் நீலமாகிக்கொண்டிருந்தன. யாரும் உள்ளே போகவில்லை. பிரேக்கர் விழுந்தே கிடந்தது. மணி பத்தரைக்கு மேல் பால்வெளி தெரிந்தது. மோட்டலில் இருந்திருந்தால் ஏசியைப் போட்டுக்கொண்டு திரையை இழுத்து விட்டிருப்போம்.

இன்னொன்று யெல்லோஸ்டோனில், ஹேடன் பள்ளத்தாக்கில். சாலையில் பைசன், அதாவது அமெரிக்கக் காட்டெருமை, கூட்டமாக இறங்கிவிட்டது. முன்னும் பின்னும் வண்டி வரிசை, ஒன்றே கால் மணி நேரம் அசைவில்லை. காரில் இருந்தவர்கள் தவித்துப் போனார்கள். நாங்கள் இன்ஜினை அணைத்துவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். பைசன்களிடமிருந்து குறைந்தது 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. அதை அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை, ஒன்று எங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு போனது. கூட்டம் முன்னால் நகர்ந்த பிறகு கதவு தட்டும் சத்தம். பின் காரில் வந்த அம்மா, கையில் ஆறு வயதுப் பையன், முகமெல்லாம் அவசரம். "பாத்ரூம் இருக்குமே?" இருந்தது. அவர்களுக்குப் பின்னால் மேலும் மூன்று பேர் வந்தார்கள். கறுப்பு டேங்க் அன்றைக்கு நிஜமாகவே நிரம்பியது. மாமியார் இன்றும் சொல்வது இந்தக் கதையைத்தான். டென்வரை விட்டுக் கிளம்பிய அன்று அவர் சொன்னது வேறு: "வீட்டில செய்யற அதே வேலையை ஆடற வண்டியில செய்யறதுக்குப் பேர் டூரா மாப்பிள்ளை?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பால் தீர்ந்தால் வீட்டையே பெயர்த்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்: மின் கம்பியைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயைக் கழற்றி, அலமாரிகளைப் பூட்டி, வாசல்படியை உள்ளே மடக்கி. ஒருமுறை படியை மடக்க மறந்து கிளம்பி, எதிரே வந்தவர் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். ஒரு பெட்ரோல் பங்கில் திரும்பும்போது பின்பக்கம் எதிர்த்திசையில் வீசி மரக் கம்பத்தில் பட்டது. நம் கண் முன்னால்தான் இருக்கும், இடிப்பது பின்னாலிருக்கும் எட்டு அடி. கூரையில் ஏற்படும் சேதத்துக்கு எங்கள் வாடகைக் காப்பீட்டில் இடமில்லை என்பதையும் ஒப்பந்தத்தில் அப்புறம்தான் படித்தேன். நீங்கள் முதலிலேயே படித்துவிடுங்கள்.

போக முடியாத இடங்களும் உண்டு. பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியில் நீடில்ஸ் நெடுஞ்சாலையில் எட்டு அடி அகலத்துக்கு ஒரு பாறைக் குகை வழி. எங்கள் வண்டியின் உடம்பே அதைவிட அகலம். திரும்பிவிட்டோம். உங்கள் க்ளேசியர் திட்டத்தில் எனக்கு இருக்கும் ஆட்சேபமும் இதுதான். அங்கே பார்க்க வேண்டிய கோயிங் டு த சன் சாலையில், அவலாஞ்ச், ரைசிங் சன் இரண்டுக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதியில்லை. யெல்லோஸ்டோனிலிருந்து ஒரு முழு நாளை ஓட்டிக் கழித்து, அங்கே போய் வண்டியை நிறுத்திவிட்டு வேறு வண்டி தேட வேண்டும். 10 நாளில் அது கட்டாது. க்ளேசியரை இன்னொரு கோடைக்குக் காரில் வையுங்கள்.

மிச்சமாகும் நாட்களை ஒரே இடத்தில் மூன்று ராத்திரி, நான்கு ராத்திரி என்று தங்கிக் கழியுங்கள். யெல்லோஸ்டோனுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவு மூன்றுக்கும் இணைப்புள்ள கேம்ப்கிரவுண்ட் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கரடி நடமாட்டம் இருப்பதால் கூடாரத்துக்கு அங்கே இடமில்லை, கெட்டிச் சுவருள்ள வண்டிகள் மட்டும்தான். ஜூலை இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். வண்டியை புக் செய்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள். கிடைக்கிற தேதியை வைத்து மற்றதை மாற்றிக்கொள்ளலாம்.