கண்ணில் துளை போட்டவர்

கேள்வி: கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு இரவில் மின்குமிழைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிகிறது. கண்ணில் அழுத்தம், லேசரால் துளை போட வேண்டும் என்கிறார் வைத்தியர். அம்மா பயப்படுகிறார். யார் தொடங்கிய வைத்தியம் இது? – வாசகி, மஸ்கெலியா

பதில்: மகளே, முதலில் அம்மாவைக் கூட்டிப் போங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

என் அப்பாயியும் குப்பி விளக்கைச் சுற்றி அந்த வளையத்தைத்தான் பார்த்தார். ஒருநாள் இரவு முழுக்க லயத்துக் காம்பராச் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு வாந்தி எடுத்தார். பித்தம் என்று இஞ்சிக் கசாயம் கொடுத்தோம். சிவந்த கண்ணில் தாய்ப்பால் விட்டோம். விடிந்தபோது அந்தக் கண்ணில் வெளிச்சம் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் மற்றக் கண்ணும் போனது. வாசலில் நின்ற என்னை "யாரது?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

குளுக்கோமா எனும் இந்தக் கண் அழுத்த நோய்க்கு முதலில் வழி கண்டவர் பெர்லின் நகரத்துக் கண் வைத்தியர் அல்பிரெக்ட் ஃபொன் கிரேஃப. 1828இல் பிறந்தவர். கண்ணுக்குள் பார்க்கும் கருவியை ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கியதும் அதை உடனே கையில் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர். தன் கண் மருத்துவமனையில் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். வேறு நோய்களுக்காகக் கதிராளியில், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிறமான திரையில், சிறு துண்டை வெட்டி எடுத்தபோது கண்ணின் இறுக்கம் தளர்வதைக் கவனித்தார். அதையே இந்த நோய்க்கும் செய்து பார்த்து 1857இல் எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை! அதுவரை இந்த நோய் வந்தால் குருடுதான்.

எப்படிக் குணமாகிறது என்பதைப் பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் கதிராளிக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து வடிய வேண்டும். மலையில் கான் அடைபட்டால் தண்ணீர் தேங்கி மண்ணைத் தள்ளுமே, அதேபோல் தேங்கிய நீர் கதிராளியை முன்னே தள்ளி வடியும் வாயையும் மூடிவிடுகிறது. கதிராளியில் துளை போட்டால் நீருக்கு வேறு வழி கிடைக்கிறது. இந்த நோயிலேயே மெல்ல மெல்லப் பார்வையைத் தின்னும் இன்னொரு வகை உண்டு. அதற்கு இந்தத் துளை போதாது.

கிரேஃப காசநோயால் 1870இல், 42 வயதிலேயே இறந்தார்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: இப்போது கத்தி இல்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, சில நிமிடங்களில் முடித்து, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றக் கண்ணுக்கும் தேவையா என்று அங்கேயே கேளுங்கள். அப்பாயிக்காக அதைக் கேட்க எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.