இஸ்தான்புல்லில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை: முழங்கால் வலியுடன் சுற்றிப் பார்க்க

வணக்கம். பட்டியலிட்டுள்ள ஆறு இடங்களையும் ஒரே செவ்வாய்க்கிழமையில், மனைவியின் முழங்கால் வலியையும் கருத்தில் கொண்டு, அவசரமின்றிப் பார்க்க இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயலாது. தோப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதால் ஒன்று தானாகவே கழிந்துவிடுகிறது.

முன்பு தேவாலயமாக இருந்து இப்போது மசூதியாக உள்ள அயா சோபியாவையும் வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பேன். சுற்றுலாப் பயணிகளுக்குரிய மேல்மாடத்துக்குச் சரிவான கல்பாதையில் ஏறித்தான் செல்ல வேண்டும். அதைவிட, பக்கத்திலேயே சமதளமாக உள்ள பழைய குதிரைப்பந்தயத் திடலில் ஒரு மணி நேரம் அமர்ந்திருங்கள். எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்டு, கி.பி. 390இல் அங்கு நிறுத்தப்பட்ட கல்தூணின் சித்திர எழுத்துகள் நேற்று செதுக்கியவை போல் கூர்மையாக இருக்கும். அதன் பீடத்தில், வென்றவனுக்குச் சூட்டுவதற்காக மாலையைக் கையில் ஏந்தி நிற்கும் ரோமப் பேரரசர் தியோடோசியஸையும், அவரைச் சூழ்ந்து நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தையும் நின்று நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலோர் தூணைப் படமெடுத்துக்கொண்டு பீடத்தைக் கவனிக்காமலேயே போய்விடுகிறார்கள்.

பிற்பகலைப் படகுக்கு ஒதுக்குங்கள். சுல்தானகமெட் நிறுத்தத்தில் டி1 ட்ராம் ஏறி எமினோனுவில் இறங்கினால், ஆசியக் கரையிலுள்ள கடிகோய்க்குப் பயணிகள் படகு கிடைக்கும். ஏறத்தாழ இருபது நிமிடப் பயணம்தான். சுற்றுலாப் படகுகளுக்கு ஆள் பிடிப்பவர்களுக்குச் செவிசாய்க்க வேண்டாம். ட்ராமுக்கும் படகுக்கும் இஸ்தான்புல்கார்ட் என்ற பயண அட்டையே செல்லுபடியாகும். பல படகுகளில் கீழ்த்தளத்திலேயே வெளிப்புற இருக்கைகள் உண்டு என்பதால், உங்கள் மனைவி மாடிப்படி ஏற வேண்டியதில்லை.