செவிலியர் கேள்வி – பதில்: வெளிநாட்டு வேலையும் ஏ.ஐ. எழுதும் நோயாளர் குறிப்புகளும்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுத் தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். பிரிட்டன் செல்ல, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்குப் படிக்கிறேன். எழுதுதல் பகுதி மட்டும் கைகூடவில்லை. “அங்கே குறிப்புகளையெல்லாம் இப்போது ஏ.ஐ. எழுதிவிடுகிறது, எழுத்துத் தேர்வையே எடுத்துவிடுவார்கள், கொஞ்சம் பொறுங்கள்” என்று பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?
வாசகி, சேலம்

பதில்: காத்திருக்க வேண்டாம், சகோதரி. பிரிட்டனின் செவிலியர் பதிவு அமைப்பான என்.எம்.சி., ஓ.இ.டி.யில் வாசித்தல், கேட்டல், பேசுதல் ஆகிய மூன்றுக்கும் ‘பி’ தரத்தையும் எழுதுதலுக்கு ‘சி பிளஸ்’ தரத்தையும் கேட்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பொதுவான ஆங்கிலத் தேர்வு என்றால் முதல் மூன்றுக்கும் 7, எழுதுதலுக்கு 6.5. எழுத்துக்கு மட்டும் ஏற்கெனவே ஒரு படி தளர்த்தித்தான் வைத்திருக்கிறார்கள். இதைத் தாண்டினாலும் ஓஸ்கி எனப்படும் செயல்முறைத் தேர்வு காத்திருக்கிறது. ‘நிலையங்கள்’ எனப்படும் அதன் பத்துக் கட்டங்களில் ஒன்றில், நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை உங்கள் கையாலேயே எழுத வேண்டும். கையெழுத்து படிக்கும்படி இருக்கிறதா, பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறீர்களா, பெயரும் கையொப்பமும் தேதியும் இட்டிருக்கிறீர்களா என்றுகூடப் பார்த்து மதிப்பிடுவார்கள்.

ஏ.ஐ. கருவி வார்டில் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் நோயாளியும் பேசுவதை அது கேட்டு எழுத்தாக்கி, தலைப்புகளின்கீழ் அடுக்கி, ஒரு வரைவாகத் தருகிறது. நீங்கள் படித்து, திருத்தி, ஒப்புதல் கொடுத்த பிறகே அது நோயாளியின் பதிவேட்டில் ஏறவேண்டும். இந்த வகைக் கருவிகள் குறித்து இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2025 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலும், கருவி தருவதைப் பணியாளர் சரிபார்த்தாக வேண்டும் என்றே சொல்கிறது. என்.எம்.சி.யின் நடத்தை விதித் தொகுப்பில் பத்தாவது விதி, தெளிவும் துல்லியமும் உள்ள பதிவுகளைப் பேணுவது பற்றியது. தவறு நேர்ந்தால் ‘மென்பொருள் எழுதியது’ என்று கைகாட்டிவிட அந்த விதியில் இடமில்லை.

இதில் நம்மவர்கள் அதிகம் யோசிக்காத ஒரு சங்கடம் உண்டு. நாமே ஆங்கிலத்தில் எழுதும்போது பிழை பெரும்பாலும் இலக்கணத்தில் இருக்கும், பார்த்தவுடன் தெரியும். கருவி எழுதும்போது இலக்கணம் மாசு மருவில்லாமல் இருக்கும், பிழை பொருளுக்குள் ஒளிந்திருக்கும். ‘நடந்தால் மட்டும் வலிக்கிறது’ என்று நோயாளி சொல்லியிருப்பார். ‘ஓய்வில் வலி இல்லை, நோயாளி நலமாக உள்ளார்’ என்று அழகான வாக்கியம் வந்து நிற்கும். முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி யாரும் சொல்லாதது, நடக்கும்போது வரும் வலியோ காணாமலே போய்விட்டது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டின் முடிவில், தாய்மொழியல்லாத ஒரு மொழியில், சரளமாக ஓடும் அந்த வரியைச் சந்தேகத்தோடு படிப்பது எழுதுவதைவிடக் கடினமான வேலை. ஓ.இ.டி.யின் எழுத்துப் பகுதியில் 45 நிமிடத்தில் நீங்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான்: தரப்பட்ட நோயாளர் விவரங்களில் எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்து, சுமார் 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதமாக்குகிறீர்கள். அந்தப் பிரித்தறியும் பழக்கம் இல்லாதவர் கையில் ஏ.ஐ. வரைவு கிடைத்தால் அது அப்படியே பதிவேட்டுக்குள் போய்விடும்.

கேள்வி: மதுரையிலிருந்து வந்து இங்கிலாந்தில் பக்கவாத வார்டில் பணிபுரிகிறேன். எங்கள் பிரிவில் பேச்சைக் கேட்டு எழுதும் கருவியைச் சோதனை முறையில் கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர்த் தோழி பேசினால் சரியாக வருகிறது, நான் பேசினால் மருந்துப் பெயரும் எண்ணும் மாறுகின்றன. என் ஆங்கிலம் அவ்வளவு மோசமா? சொன்னால் என்னைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
வாசகி, இங்கிலாந்து

பதில்: உங்கள் ஆங்கிலத்தின்மேல் பழி போடாதீர்கள். அமேசான், ஆப்பிள், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை, அதாவது பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்களைச் சோதித்து 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளையர் பேச்சில் சராசரியாக 100 சொற்களுக்கு 19 பிழைகளும் கறுப்பினத்தவர் பேச்சில் 35 பிழைகளும் காணப்பட்டன. அவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். எந்த உச்சரிப்பைக் கொண்டு கருவியைப் பழக்கினார்களோ அந்த உச்சரிப்புக்குத்தான் அது நன்றாகக் காது கொடுக்கும். அதன் பிறகு மென்பொருள்கள் முன்னேறியிருக்கின்றன என்றாலும், சோதனைக் காலத்தில் வார்டு கண்டுபிடிக்க வேண்டிய குறையே இதுதான். ஆகவே இதை உங்கள் சொந்தக் குறையாகச் சொல்லாமல் நோயாளி பாதுகாப்புப் பிரச்சினையாக எழுத்தில் கொடுங்கள். மருந்தோ எண்ணோ மாறி விழுந்த ஒவ்வொரு முறையும் ‘டேட்டிக்ஸ் போடுவது’ என்று நீங்கள் அங்கே சொல்லும் சம்பவ அறிக்கையைப் பதிவு செய்யுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள் என்று என்னால் உறுதி கூற முடியாது. ஆனால் நீங்கள் பேசாமல் இருந்து தவறான அளவு பதிவேறினால் விசாரணையில் கேட்கப்படும் பெயர் உங்களுடையது.

அதுவரை சில பழக்கங்கள் கைகொடுக்கும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் மனிதக் காதுக்கே குழம்பும் என்பதால், ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் சுகர் 180 என்றால் அது மில்லிகிராம் கணக்கு. நீங்கள் இருக்கும் இடத்தில் மில்லிமோல் கணக்கில் அதே அளவு 10. காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் சொல்லிப் பழகிய நாக்குக்கும் இதே தொல்லை உண்டு. புதிதாக வந்தவர்கள் வாய் தவறிப் பழைய அலகில் சொல்ல, கருவி அதை அப்படியே வாங்கிக்கொள்வதும் நடக்கக்கூடியதே.

பக்கவாத வார்டு என்பதால் இன்னொன்று. விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளைப் பற்றி 2024-இல் வெளியான ஆய்வில், சோதித்த ஒலித்துணுக்குகளில் சுமார் 1 சதவீதத்தில் யாருமே பேசாத சொற்றொடர்களை அது தானாகச் சேர்த்திருந்தது தெரியவந்தது. பேச்சிழப்பு உள்ளவர்களிடம் நீளும் மௌன இடைவெளிகளோடு இந்தக் கோளாறு தொடர்புடையது என்றும் ஆய்வாளர்கள் சுட்டினர். வார்த்தை தேடித் தடுமாறும் நோயாளியிடம் கருவியை நம்பாதீர்கள். அவர் சொன்னதை நீங்களே தட்டச்சு செய்வது மேல்.

கேள்வி: ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கும் என் ஹேண்ட்ஓவர் குறிப்பை இலவச ஏ.ஐ. செயலியில் ஒட்டி ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்கிறேன். பெயரை நீக்கிவிட்டுத்தான் செய்கிறேன். தவறா?
வாசகர், அயர்லாந்து

பதில்: தவறுதான், உடனே நிறுத்துங்கள். பெயரை எடுத்தாலும் வயது, வார்டு, அரிய நோய், சேர்ந்த தேதி ஆகியவை சேர்ந்து ஆளை அடையாளம் காட்டிவிடும். அயர்லாந்தில் நோயாளியின் உடல்நிலைத் தகவலுக்கு ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிக் காவல் கொடுத்திருக்கிறது. மருத்துவமனை ஒப்புதல் தந்த கருவியை மட்டுமே பயன்படுத்துங்கள். ஆங்கிலப் பயிற்சிதான் நோக்கமென்றால் கற்பனையான நோயாளியை வைத்து எழுதிப் பழகுங்கள், அதற்கு ஏ.ஐ. அருமையான ஆசான்.

கேள்வி: மகள் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஏ.ஐ. வந்துவிட்டதால் வெளிநாட்டில் இனி நர்ஸுகள் தேவைப்பட மாட்டார்கள் என்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கிறேன்.
வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, பிரிட்டனுக்குப் போகும் செவிலியர் எண்ணிக்கை அண்மைக் காலத்தில் குறைந்திருப்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் மருத்துவமனைகளின் நிதி நெருக்கடியும் குடியேற்றக் கொள்கையுமே தவிர ஏ.ஐ. அல்ல. 2025 ஜூலையில் வெளிநாட்டவருக்கு மூடப்பட்டது பராமரிப்பு உதவியாளர் விசா. பதிவு பெற்ற செவிலியருக்கான வழி அதனால் மூடப்படவில்லை, சில ஏஜென்ட்கள் இரண்டையும் குழப்பிப் பேசுகிறார்கள். குறிப்பெழுதும் ஏ.ஐ. முதலில் மருத்துவர்களுக்காகப் பரவியது, செவிலியர் பணிக்கு இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, புண்ணைப் பார்ப்பது, மூச்சு மாறுவதைக் கவனிப்பது ஆகியவற்றை அது தொடுவதில்லை.

மகள் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தான் பார்ப்பதை வாய்விட்டு, முழு வாக்கியமாக, நோயாளியிடமே ஆங்கிலத்தில் சொல்லிப் பழகட்டும். நம் வார்டுகளில் மௌனமாகப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதுவதே வழக்கம். ஆனால் கேட்டு எழுதும் கருவிக்குச் சொல்லாதது தெரியாது. வேலை தேடும் நேரத்தில், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளை முதலில் பாருங்கள். நேர்காணலில், குறிப்பெழுத ஏ.ஐ. கருவி உண்டா, அதற்குப் பயிற்சி உண்டா, வரைவைச் சரிபார்க்க ஷிஃப்டில் நேரம் ஒதுக்கப்படுமா என்று மகள் கேட்கட்டும். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால், அந்தச் சரிபார்ப்பைப் பணிநேரம் முடிந்த பிறகு செய்ய நேரிடும் என்று எண்ணிக்கொண்டே ஒப்பந்தத்தைப் படியுங்கள்.