மச்சான் கொண்டுவரும் குட்டிப் பெட்டியில் நம்முடைய கொன்ட்ரா இருக்குமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். ரொரன்ரோவில் இருந்து மச்சான் ஆவணியில் வருகிறார். பழைய ரீவி கேம் இப்போது கையளவு பெட்டியாக வந்திருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். சின்ன வயதில் நானும் அக்காவும் கொன்ட்ரா, டாங்கி, மாரியோ என்று விடிய விடிய விளையாடியவர்கள். இன்டர்நெட்டில் சிலர் இந்தப் பெட்டியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் காசுக்குக் கேடு என்கிறார்கள். இங்கே டவுனிலும் '620 கேம்' என்று அதே சாயலில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதை எடுப்பது? வீட்டில் பழைய ரியூப் ரீவி ஒன்றும் புது ரீவி ஒன்றும் இருக்கின்றன. மகனுக்கு எட்டு வயது.

பதில்: மச்சானிடம் முதலில் கேட்கவேண்டியது, எந்தக் கம்பனியின் எந்தப் பெட்டி என்பதைத்தான். நீங்கள் படித்த புகழும் திட்டும் ஒரே சாமானுக்கு விழுந்தவை அல்ல.

2016 நவம்பரில் யப்பானியக் கம்பனியான நின்டெண்டோ, என்ஈஎஸ் என்ற தன் பழைய ரீவி கேம் பெட்டியை உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கி, 30 கேம்களை உள்ளேயே வைத்து, 60 அமெரிக்க டொலருக்கு விட்டது. என்ஈஎஸ் கிளாசிக் என்று பெயர். கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. வாங்கிப் பதுக்கியவர்கள் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். சுமார் 23 இலட்சம் பெட்டிகள் விற்ற கையோடு 2017 ஏப்ரலில் தயாரிப்பை நிறுத்தியதும் ஆட்கள் கொதித்துப்போனார்கள். பிறகு 2018 யூனில் மறுபடியும் விற்பனைக்கு விட்டார்கள். படத்தையும் சத்தத்தையும் பெரும்பாலானவர்கள் மெச்சினார்கள். திட்டு வாங்கியது கொன்ட்ரோலரின் வயர். அது முக்கால் மீற்றர்தான். ரீவிக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்துதான் விளையாடவேண்டும், வேறு கேமுக்கு மாற வேண்டுமானால் பெட்டியில் உள்ள ரீசெற் பட்டனை அமத்த வேண்டும். பெட்டிக்குள் ஒரு கொன்ட்ரோலர் மட்டுமே வந்தது. அக்காவோடு விளையாட இன்னொன்று தனியாக வாங்கவேண்டும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் வயரைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதை அமெரிக்காவில் இருந்து விமர்சனம் எழுதுபவர்கள் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு அது தெரிய வாய்ப்பும் இல்லை. நம் வீடுகளுக்குத் தொண்ணூறுகளில் வந்த ரீவி கேம் பெரும்பாலும் நின்டெண்டோ செய்ததே அல்ல. 1983இல் யப்பானில் வந்த நின்டெண்டோவின் பமிகொம் பெட்டியை, அதாவது என்ஈஎஸ்ஸின் யப்பானிய வடிவத்தைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்த நகல்கள் அவை. கசெட்டுக்குள் இருந்ததும் யப்பானியப் பட்டியல்தான். நீங்கள் டாங்கி என்கிற கேமின் பெயர் பற்றில் சிற்றி. செங்கல் சுவருக்கு நடுவில் கழுகைக் காப்பாற்றுவோமே, அதேதான். 1985இல் யப்பானில் வந்தது, என்ஈஎஸ் கசெட்டாக அமெரிக்காவில் வெளியாகவே இல்லை. அதனால் குட்டிப் பெட்டியில் அது இல்லை என்று அங்கே யாரும் கவலைப்படவில்லை. கொன்ட்ராவும் அதில் இல்லை. அதற்கு அடுத்து வந்த சூப்பர் சி இருக்கிறது. ரோட் பைற்றர், சேர்க்கஸ் சார்லி, பொம்பர்மேன் மூன்றும் இல்லை. மாரியோ மூன்று பாகமும் இருக்கின்றன. எக்சைட்பைக், ஐஸ் கிளைம்பர், கலகா, டொங்கி கொங், பலூன் பைற் எல்லாம் உண்டு. அக்கா மாரியோ பக்கம் என்றால் முழுத் திருப்தி கிடைக்கும். கொன்ட்ரா பக்கம் என்றால் முதல் நாளே முகம் வாடிவிடும்.

துப்பாக்கியால் தாரா சுடும் கேமைத் தேடப்போகிறீர்கள் என்றால் அதுவும் இல்லை. அதற்கு நியாயமான காரணம் உண்டு. விசையை அமத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், அடுத்த கணம் தாரா இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகும். துப்பாக்கியின் வாயில் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் சூடு பட்டதாகக் கணக்கு. ரியூப் ரீவியில் படம் அந்தக் கணமே திரைக்கு வரும். இன்றைய தட்டை ரீவி படத்தைக் கொஞ்சம் பிந்தித்தான் காட்டும், கணக்குப் பிழைத்துவிடும்.

நீங்கள் படித்த கடும் திட்டு அநேகமாக சோனி கம்பனியின் குட்டிப் பெட்டியான பிளேஸ்டேஷன் கிளாசிக்குக்கு விழுந்ததாக இருக்கும். முதல் பிளேஸ்டேஷன் யப்பானில் வந்த அதே டிசம்பர் 3ஆம் திகதியில், 2018இல் வெளியிட்டார்கள். 20 கேம், 100 டொலர். கிராஷ் பண்டிகூட் இல்லை, கிரான் துரிஸ்மோ இல்லை, ரூம் ரெய்டர் இல்லை. அதைவிட மோசமாக, 20இல் 9 கேம்கள் ஐரோப்பாவுக்குச் செய்த பதிப்புகள். பழைய ஐரோப்பிய ரீவி ஒரு செக்கனுக்கு 50 படங்கள் காட்டியது, அமெரிக்க ரீவி 60. சரியாக மாற்றிச் செய்யாத கேம் 50இல் ஓடும்போது ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். ரெக்கன் 3 என்ற சண்டை கேம் அந்த ஒன்பதில் ஒன்று. அதில் உதையின் நேரம் விரலில் பதிந்தவர்களுக்கு அந்தத் தாமதம் உடனே தெரியும். கோபம் நியாயமானது என்பதே என் எண்ணம். வெளிவந்த மாதமே விலையை 60 டொலருக்கு இறக்கினார்கள். மச்சான் மலிவாகக் கண்டேன் என்று இதைச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் கரண்டும் 50 ஹேர்ட்ஸ்தானே, இங்கே சரியாக ஓடாதா என்று சிலர் கேட்கிறார்கள். கரண்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, வேகம் கேமின் பதிப்போடு வருவது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது நின்டெண்டோவின் இரண்டாவது குட்டிப் பெட்டி, எஸ்என்ஈஎஸ் கிளாசிக். என்ஈஎஸ்ஸுக்கு அடுத்து வந்த பெட்டியின் குட்டி வடிவம் அது. 2017 செப்டெம்பரில் 80 டொலருக்கு வந்தது, 21 கேம். இரண்டு கொன்ட்ரோலர் சேர்ந்தே வரும், வயரும் ஒன்றரை மீற்றருக்குக் கிட்ட. கொன்ட்ராவின் மூன்றாம் பாகம் இதில் இருக்கிறது, இருவராக விளையாடலாம். உங்கள் பழைய கொன்ட்ரா அல்லத்தான், ஆனால் அந்த ஓட்டமும் சூடும் அதேதான். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கும் உங்களுக்கும் யார் முன்னால் போவது என்ற சண்டை திரும்ப வரும். விழுந்த இடத்தில் இருந்து கொஞ்சம் பின்னுக்கு ஓட்டிப் பார்த்து மறுபடி தொடரும் வசதியும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய உதவி, இல்லாவிட்டால் இந்தப் பழைய கேம்களின் கடுமையில் சலித்துப்போவான். கொன்ட்ரோலரைக் கொழுவும்போது ஒன்று கவனியுங்கள். முன்னால் தெரியும் இரண்டு துளைகளும் வெறும் தோற்றம். அந்த முன்மூடியை மெதுவாகக் கீழே இழுத்தால்தான் உண்மையான துளைகள் தெரியும். அது கிடைக்காவிட்டால் 2019இல் வந்த சேகா மெகா டிரைவ் மினியும் நல்ல வேலைப்பாடு. 42 கேம், அதிலும் ஒரு கொன்ட்ரா உண்டு. கனடாவில் அதன் பெயர் ஜெனிசிஸ் மினி.

டவுனில் நீங்கள் கண்ட 620 பெட்டியில் கொன்ட்ராவும் டாங்கியும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதை மறைக்கமாட்டேன். உரிமை பெறாமல் திணித்தவை, அதே கேம் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். நான் திருத்தக் கிடைத்தவற்றில் சத்தம் சுருதி பிசகி இருந்தது, விட்ட இடத்தைச் சேமிக்க வழி இல்லை, பட்டனின் றப்பர் ஒரு வருடம் போவதே அருமை. காசு கொடுத்துவிட்டுப் பிள்ளை ஏமாறுவதை என்னால் பார்க்க முடியாது, அதனால் வேண்டாம் என்கிறேன்.

உண்மையான குட்டிப் பெட்டிகளில் எச்டிஎம்ஐ மட்டுமே உண்டு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் கொழுவும் ரியூப் ரீவிக்கு நேராக ஏறாது. இடையில் கன்வேட்டர் வைத்தால் படம் மங்கும், அமத்திய பட்டன் பிந்தி வேலை செய்யக்கூடும். புது ரீவியிலேயே கொழுவி, செற்றிங்கில், படம் பிந்துவதைக் குறைக்கும் 'கேம் மோட்' போடுங்கள். அதைப் போடாமல் மாரியோ நேரத்துக்குத் துள்ளவில்லை என்று பெட்டியைக் குறை சொல்பவர்கள் பலர். கனடாப் பிளக்கைப் பற்றி யோசிக்க வேண்டாம், 5 வோல்ற் 1 அம்பியர் தரும் சாதாரண போன் சார்ஜரும் மைக்ரோ யூஎஸ்பி வயரும் போதும்.

உவர்மலை என்கிற பெயரிலேயே உவர் இருக்கிறது, அதை மறக்காதீர்கள். போன மாதம் டச்சு பே பக்கம் ஒரு வீட்டில் இருந்து வந்த கொன்ட்ரோலரைத் திறந்தேன். றப்பருக்குக் கீழே செம்புத் தடம் பச்சை பூத்துக் கிடந்தது. ஐசோபுரோபைல் அல்ககோலில் பஞ்சை நனைத்துத் துடைத்தபிறகுதான் அம்புப் பட்டன் இடப்பக்கம் வேலை செய்தது. விளையாடி முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பக்கெற் இரண்டோடு வைத்துவிடுங்கள்.

இந்த நின்டெண்டோ பெட்டிகளின் தயாரிப்பு நின்றுவிட்டதால் மச்சான் பழசுதான் வாங்குவார், போலிகளும் நிறையச் சுற்றுகின்றன. காசு கொடுக்கமுன் கொன்ட்ரோலர் பிளக்கின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அகலமான தட்டைப் பிளக், நின்டெண்டோ வீயின் கொன்ட்ரோலரில் கொழுவுவது போல இருந்தால் அசலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒன்பது ஊசித் துளையோடு, பழைய ரீவி கேமில் நீங்கள் கொழுவியது போல இருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அது போலிதான்.