பிரிண்ட்கே போட்டேன், பெட்டி உறைந்தது: கெர்னல் லாக் பற்றிக் கேள்வி பதில்

மூன்றாம் வகுப்புச் சூறாவளி எச்சரிக்கை வந்துவிட்டது. மொரீஷியஸின் எபேனில் எல்லா ஆபீசும் மூடியாயிற்று. கரன்ட் இருக்கும் வரை லினக்ஸ் கெர்னல் லாக் (கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம், எழுதும் செய்திக் குறிப்பு) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று காலையில் சொன்னேன். வந்தவற்றில் சில, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு:

கியூர்பிப்: அண்ணா, எங்கள் சீரியல் போர்ட் டிரைவரில் பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவதை) பிடித்திருக்கும்போது ஒரே ஒரு பிரிண்ட்கே, அதாவது கெர்னல் லாக்கில் செய்தி எழுதும் அழைப்பு. பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு பெட்டி உறைந்துவிட்டது, லாக்கில் ஒரு எழுத்தும் இல்லை.

பதில்: எப்படி இருக்கும் தம்பி? எழுத வேண்டியவனே மாட்டிக்கொண்டானே. பிரிண்ட்கே இரண்டு வேலை செய்கிறது: செய்தியை நினைவகத்தில் போடுகிறது, பிறகு கன்சோலுக்கு, அதாவது செய்தி வெளியே தெரியும் இடத்துக்கு, அனுப்பப் பார்க்கிறது. உங்கள் கன்சோல் அதே சீரியல் போர்ட். அனுப்பப் போகும் வழியில் போர்ட்டின் பூட்டு வேண்டும், அதுவோ உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்களிடமிருந்து நீங்களே சாவி வாங்கக் காத்திருக்கிறீர்கள்.

பத்து நாள் ஓடியதில் ஆச்சரியமில்லை. அந்த வரி பிழைக் கிளையில்தானே இருக்கிறது? அதுவரை ஓடியே இருக்காது. ஓடியிருந்தாலும், அந்த நேரம் வேறொரு சிபியு கன்சோலைப் பிடித்திருந்தால் நீங்கள் செய்தியைப் போட்டுவிட்டுத் தப்பியிருக்கலாம்.

மதிப்புகளை லோக்கல் மாறிகளில் எடுத்துக்கொண்டு, பூட்டை விட்டபின் அச்சடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிரிண்ட்கேக்களையும் பாருங்கள். பூட்டுக்குள் கேமல்லாக் (கெர்னலில் நினைவகம் கேட்கும் அழைப்பு) அழைத்து நினைவகம் கிடைக்காவிட்டால், கெர்னல் தானாகவே எச்சரிக்கை அச்சடிக்கும். டெர்மினல்களைக் கவனிக்கும் டிடிஒய் அடுக்கிலேயே இந்தத் தப்பு இருந்து, பிறகு திருத்தினார்கள். நினைவகத்தை முன்கூட்டியே வாங்குங்கள், இல்லாவிட்டால் எச்சரிக்கை வேண்டாம் என்ற கொடியுடன் கேளுங்கள்.

ரோஸ் ஹில்: இன்டரப்டை (சிபியுவின் வேலையை நடுவில் நிறுத்தும் குறுக்கீட்டை) அணைத்துவிட்டுப் பூட்டினால் போதாதா?

பதில்: என்எம்ஐ, அதாவது மறைக்க முடியாத இன்டரப்ட், அணையாது. லாக் பூட்டைப் பிடித்திருக்கும் சிபியுவிலேயே என்எம்ஐ வந்து, அதுவும் எழுத முயன்றால் கதை முடிந்தது. கெர்னல் 4.7 பதிப்பில் என்எம்ஐக்கென்று சிபியுவுக்கு ஒரு தனி பஃபர் கொடுத்து ஒட்டுப் போட்டார்கள். ஜான் ஓக்னெஸ் எழுதிய பூட்டில்லாத ரிங் பஃபர் (செய்திகளை வட்டமாகச் சேமிக்கும் இடம்) 5.10இல் வந்தபின்தான் எழுதும் பாதி நிம்மதியானது. இடத்தைப் பிடி, எழுது, முடிந்தது என்று குறி வை; யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. காட்டும் பாதி, அதாவது கன்சோல், அப்போதும் பழையபடிதான்.

காத்ர் போர்ன்: ஷெட்யூலரில் (எந்த வேலை எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதியில்) மட்டும் ஏன் பிரிண்ட்கே டெஃபர்டு, அதாவது தள்ளிப் போட்டு அச்சடிப்பது?

பதில்: கன்சோலை விடும்போது அதற்காகத் தூங்கிக் காத்திருப்பவரை எழுப்ப வேண்டும். எழுப்புவது ஷெட்யூலர் வேலை; அதற்கு ரன்க்யூ (ஓடக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை) பூட்டு தேவை. ரன்க்யூ பூட்டைப் பிடித்தபடி அச்சடித்தால் சுற்றி வந்து அதிலேயே முட்டுவீர்கள். ஏழு கறிப் பந்தியில் பரிமாறுகிறவன் நடுவில் நின்று கணக்கு எழுதினால் வரிசை நிற்கும். சீட்டில் குறித்துப் பையில் போட்டால், பந்தி முடிந்தபின் இன்னொருவர் எழுதிக்கொள்வார். டெஃபர்டு அந்தச் சீட்டுதான்.

வாக்வா: அப்படியானால் எல்லாவற்றையும் தள்ளிப் போடலாமே ஐயா?

பதில்: பேனிக் (கெர்னல் மீளமுடியாமல் நிற்பது) வரும்போது பிறகு எழுத யார் இருக்கிறார்கள்? அதனால்தான் பல வருடம் இழுபறி. உடனே அச்சடிப்பதற்கும் விலை உண்டு. சீரியல் போர்ட்டில் 115200 வேகத்தில் நொடிக்கு 11,520 எழுத்து, 80 எழுத்து வரிக்கு ஏறக்குறைய 7 மில்லி நொடி. மற்ற சிபியுக்கள் எழுதிக் குவித்தால், கன்சோலில் மாட்டிய ஒருவன் வெளியே வரவே முடியாது. 4.16இல் ஸ்டீவன் ரோஸ்டெட்டின் மாற்றம், காத்திருப்பவனிடம் கன்சோலைக் கைமாற்ற வழி செய்தது. இப்போது வரும் என்பிகான் என்ற புதிய கன்சோல் முறையில் சாதாரண நேரம் தனி த்ரெட் அச்சடிக்கும். பேனிக்கில் நேரடியாக எழுதும், தேவைப்பட்டால் கன்சோலைப் பிடுங்கிக்கொண்டும். இந்த வேலை ஓரளவு முடிந்தபின்தான் 6.12இல் ரியல்டைம் கெர்னல் (குறித்த நேரத்துக்குள் பதில் தருவது) லினக்ஸின் முதன்மை மூல நிரலில் சேர்ந்தது. ஆனால் உங்கள் கன்சோல் டிரைவர் என்பிகானுக்கு மாறியிருக்க வேண்டும். பழைய டிரைவர் என்றால் பழைய கதைதான்.

ரோஸ் ஹில், மறுபடி: பிழை தேடும்போது மட்டும் பூட்டுக்குள் அச்சடிக்க வழி?

பதில்: ட்ரேஸ் பிரிண்ட்கே. தனி ட்ரேஸ் பஃபரில் எழுதும், கன்சோல் பக்கமே போகாது. வாடிக்கையாளருக்குப் போகும் கெர்னலில் மறந்து விட்டுவிடாதீர்கள். பூட் ஆகும்போது பெரிய கட்டம் கட்டி ஊருக்கே சொல்லும்.

கியூர்பிப், மறுபடி: லாக்டெப் (பூட்டுச் சிக்கலைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவி) போட்டுத்தான் சோதித்தோம் அண்ணா. அது ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

பதில்: ஓடிய வழிதான் அதற்குத் தெரியும். உங்கள் சோதனைப் பெட்டியில் லாக்லெவலை (எந்தச் செய்திகள் கன்சோலுக்குப் போகலாம் என்ற வரம்பை) குறைத்து வைத்திருந்தால் செய்தி கன்சோல் டிரைவருக்குப் போகவே இல்லை. போர்ட் பூட்டு அந்த வழியில் வரும் என்று லாக்டெப் பார்த்ததே இல்லை. சீரியல் கன்சோலை இயக்கி, லாக்லெவல் 8 வைத்து, அந்தப் பிழைக் கிளையை வலியத் தூண்டி ஓட்டுங்கள். வரும் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்புங்கள்.