முன் சில்லு கொதிக்கிறது: கலிப்பரை மாற்றுவதா, கழற்றிப் பூட்டுவதா?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் 1991ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது, மாமா கொழும்பில் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்ததாம். கிழமை நாட்களில் மாமரத்துக்குக் கீழே நிற்கும், ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பொன்னாலைப் பாலத்தால் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போய் வரும். இப்போது வீடு திரும்பும்போது முன் இடப்பக்கச் சில்லில் கைவைக்க ஏலாத சூடு, பிறேக்கில் கால் வைக்காமலே கார் இடப்பக்கம் இழுக்கிறது. ஒரு கராஜில் கலிப்பரையே (சில்லோடு சுற்றும் டிஸ்கை இருபக்கமும் நெரித்துப் பிடிக்கும் பிறேக் பகுதி) மாற்றச் சொன்னார்களாம், இன்னொரு இடத்தில் பெற்றோலில் கழுவிப் பூட்டினால் சரி என்றார்களாம். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேரையும் விடுங்கள். பிடித்து வைத்திருப்பது கலிப்பர்தானா என்று முதலில் தெரியவேண்டும். அடுத்தமுறை இழுக்கும்போது அப்படியே கொண்டுவந்து முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, ஸ்டாண்டில் இருத்திவிட்டு (ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவேண்டாம்) சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கலிப்பரில் இருக்கும் எயர் எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிறேக் ஒயில் பீச்சிக்கொண்டு வந்து சில்லும் விட்டுவிட்டதா? அப்படியானால் உள்ளே அழுத்தம் அடைபட்டு நின்றிருக்கிறது, அநேகமாகக் கலிப்பருக்கு ஒயில் கொண்டுவரும் றப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கி ஒயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாமல் வைத்திருக்கும். வெளியில் பார்த்தால் ஹோஸ் வடிவாகத்தான் இருக்கும். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஹோஸ் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். நிப்பிளைத் தளர்த்தியும் சில்லு விடவில்லை என்றால்தான் குற்றம் கலிப்பரில். முன் இரண்டு சில்லுகளும் ஒரேயளவாகப் பிடித்தால் பெடல் மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பார்க்கவேண்டும், அது வேறு கதை.

கலிப்பர் என்றாலும், ஒயில் அழுத்தத்தில் வெளியே வந்து நெரிக்கும் பிஸ்டனில் உடனே கைவைக்கவேண்டாம். இந்தக் காரில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் கலிப்பர், அது இரண்டு பின்களில் (குச்சி போன்ற இரும்புத் தண்டுகளில்) வழுக்கித்தான் வேலை செய்கிறது. பின்கள் துருப்பிடித்து நின்றுவிட்டால் பிஸ்டன் பக்கத்துப் பாட் (டிஸ்கில் உரசித் தேயும் கட்டை) மட்டும் தேய்ந்துபோய், வெளிப்பக்கத்துப் பாட் தடிப்பாக அப்படியே இருக்கும். அப்படிக் கண்டால் பின்களைக் கழற்றித் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் பூசிப் பூட்டுவதோடேயே பலபேருக்கு வேலை முடிந்துவிடும். சில்லு பெயரிங்குக்குப் போடுகிற சாதாரணக் கிறீஸ் கூடாது, அது றப்பரை வீங்கவைத்துப் பின்களை மறுபடி இறுக்கும்.

சரி, பின்கள் விரலால் ஓடுகின்றன, பிஸ்டன்தான் பின்வாங்கவில்லை என்று வைப்போம். பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் எதுவும் இல்லை. சிலிண்டரில் வெட்டிய காடிக்குள் சதுர வெட்டுமுகம் கொண்ட ஒரு றப்பர் சீல் இருக்கிறது, பிறேக் மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது கொஞ்சம் முறுகும், காலை எடுத்ததும் தன் வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரளவு பின்னுக்கு இழுத்துவிடும். உங்கள் சில்லு சுதந்திரமாகச் சுற்றுவது அந்த மயிரளவால்தான். பொன்னாலைப் பாலத்து உப்புக்காற்றும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கிழிந்த தூசி மூடியால் உள்ளே போய், ஒரு கிழமை சும்மா நிற்கும் காரில் அந்தக் காடிக்குள் துரு கட்டுகிறது. துரு இரும்பைவிடக் கூட இடம் பிடிக்கும், சீலைப் பிஸ்டனோடு நெரிக்கும், சீல் முறுகித் திரும்ப இடமில்லாமல் போகும். ஆகவே புதுச் சீல் போடுவது பெரிய வேலை இல்லை, காடியைச் சுத்தமாக்குவதுதான் வேலை. அதைச் செய்யாமல் புதுச் சீல் போட்டவர்கள்தான் பிறகு வந்து கிற் (சீலும் தூசி மூடியும் சேர்ந்த பொதி) சரியில்லை என்கிறார்கள்.

பிஸ்டனை எடுக்கக் கொம்பிரசர் காற்றை முழுதாகத் திறந்து அடிக்கவேண்டாம். நான் பழகின காலத்தில் அப்படி அடித்து ஒரு விரல் நகத்தைக் கொடுத்திருக்கிறேன். ஹோஸ் பூட்டியிருக்கும்போதே கலிப்பரை டிஸ்கில் இருந்து எடுத்து, கம்பியில் கட்டித் தொங்கவிட்டு (ஹோஸில் தொங்கவிடாதீர்கள்), நடுவில் ஒரு பலகைத் துண்டை வைத்து, வீட்டில் ஒருவரை மெதுவாகப் பிறேக்கை மிதிக்கச் சொன்னால் பிஸ்டன் தானாகவே வரும். பிறேக் ஒயில் பெயின்ற்றில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

காடியை மூங்கில் சீவல் அல்லது வளைத்த பித்தளைக் கம்பியால் சுரண்டுங்கள், ஸ்க்ரூ டிரைவர் கூடாது. சிலிண்டர் சுவரில் இலேசான கறை இருந்தால் பரவாயில்லை, சீல் உரசுவது பிஸ்டனில்தான். ஆனால் பிஸ்டனின் குரோம் பொட்டுப்பொட்டாய் உரிந்திருந்தால் சாண்ட் பேப்பரால் ஒன்றும் ஆகாது, புதுப் பிஸ்டன்தான். கழுவ ஸ்பிரிட் அல்லது பிறேக் கிளீனர். பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் மூன்றும் இந்தச் சீலை வீங்கவைக்கும், முதல் சில நாட்கள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு பிடிக்கத் தொடங்கும். பூட்டும்போது புது பிறேக் ஒயிலில் சீலை நனைத்து, முறுக்கு இல்லையா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிஸ்டன் இரண்டு பெருவிரல் அழுத்தத்துக்கு உள்ளே போகவேண்டும். சுத்தியல் தேவைப்படுகிறதா, காடி இன்னும் சுத்தமில்லை.

கிற் வாங்க முன் பிஸ்டன் விட்டத்தை வேர்னியரால் அளந்துகொள்ளுங்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய கலிப்பர் கிடைக்கும்தான், ஆனால் அது இன்னொருவருடைய துரு. நிப்பிள் உள்ளே முறிந்து மரை போனால் மட்டும் வேறு கலிப்பர் தேடலாம். வலப்பக்கத்துக்கும் இதே வேலையைச் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறேக் ஒருபக்கம் இழுக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டிவிடாதீர்கள், நிப்பிள் மேலே பார்க்கவேண்டும், கீழே பார்த்தால் எத்தனை தரம் மிதித்தாலும் எயர் போகாது. ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செப்பு வாஷர்.

பின்சில்லுக் கலிப்பருக்கும் ஆசை வந்தால் ஒன்று: அதில் ஹாண்ட்பிறேக் பொறி உள்ளே இருக்கிறது, ஜி கிளாம்ப் போட்டு நெரித்தால் உடையும். பின்பக்கத்து மூடி போல்ட்டைக் கழற்றி, உள்ளே 4 மில்லிமீற்றர் அலன் கீயால் இடஞ்சுழியாகச் சுற்றித்தான் பிஸ்டனைப் பின்வாங்க வைக்கவேண்டும்.

பிறேக் ஒயிலில் டொட் 4 என்ற தரத்தை ஊற்றுங்கள். புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும், காற்றில் ஈரத்தை உறிஞ்சி 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். எயர் எடுத்து முடிந்ததும், கார் அசைய முன்பே பெடல் கல்லுப்போல வரும்வரை மிதியுங்கள். இதற்கு முன் பிறேக்கில் கை வைக்காதவர் என்றால் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதல் ஓட்டம் காரைநகர் வேண்டாம். கோண்டாவில் வரை போய்வந்து, டிஸ்கைத் தொடாமல் இரண்டு முன் சில்லுகளுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இடப்பக்கம் இன்னும் கூடச் சூடாக இருந்து, அந்தப் பழைய ஹோஸையே திரும்பப் பூட்டியிருந்தால், அடுத்து மாற்றவேண்டியது அதைத்தான்.