சிறுவர் கிரிக்கெட்டில் அம்பயராக நிற்கும்போது பையன்களின் எந்த நடத்தையைக் கண்டுகொள்ளாமல் விடலாம்?

உங்கள் பையன் ஆடும் அணிக்கே உங்களை அம்பயராகத் தள்ளிவிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

என் கணக்கு இதுதான். பையனின் கோபம் தன் மேலேயே திரும்பினால் விட்டுவிடுவேன். இன்னொரு பையன் மேல் பாய்ந்தால் விடவே மாட்டேன்.

போன வருடம் சிங்கப்பூரில் பாலஸ்டியர் பக்கம் 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். முதலில் இறங்கிய பையனுக்கு, பந்து மட்டையில் படாமல் காலில் பட்டது என்று எல்பிடபிள்யூ அவுட் கொடுத்தேன். அவன் நகரவில்லை. மட்டையின் விளிம்பைப் பார்த்தான், பட்டுச்சே என்று முனகினான், போகிற போக்கில் புல்லை ஓங்கி ஒரு அடி அடித்தான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்டம்புகள் மேல் இருக்கும் பெயில்ஸைச் சரிசெய்தேன். பெயில்ஸ் சரியாகத்தான் இருந்தது.

விதிப் புத்தகத்தோடு சண்டைக்கு வருபவர்களுக்கு: 2017 விதித்தொகுப்பின் 42ஆம் விதிப்படி, தீர்ப்பின் மேல் அதிருப்தி காட்டுவது முதல் நிலைக் குற்றம், அதாவது நான்கு நிலைகளில் லேசானது. தெரியும். ஆனால் அழுகையை அடக்கிக்கொண்டு போகிற பையனை நிறுத்தி எச்சரிக்க எனக்கு மனசு வராது. என்னைப் பார்த்துக் கத்தினால் அது வேறு விஷயம்.

அதே ஆட்டத்தில், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பையன் ஆட வந்தான். அவன் இங்கிலீஷ் பேசும் விதத்தை விக்கெட் கீப்பர் பந்துக்குப் பந்து பழித்துக்காட்ட, ஸ்லிப்பில் நின்றவன் சிரித்தான். அந்தப் பையன் காதுமடல் சிவக்க, காலடியில் இருந்த கிரீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். உடனே டைம் சொல்லி ஆட்டத்தை நிறுத்தினேன். எதிர்முனை அம்பயரிடம் பேசிவிட்டு, கேப்டனையும் கீப்பரையும் கூப்பிட்டு எச்சரித்தோம். இனி அந்த அணியில் யார் இப்படிச் செய்தாலும் எதிரணிக்கு 5 ஓட்டம் என்றதும், அப்புறம் கேப்டனே கீப்பரை அடக்கிவிட்டான்.

சரி, பையன்களையாவது சமாளிக்கலாம். என் வயிற்றெரிச்சல் பெற்றோர் மேல்தான். டியூஷனுக்கு நேரமாச்சு என்று பாதி ஆட்டத்தில் பையனைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, என் பிள்ளைகளும் டியூஷன் போனவர்கள்தான். ஆனால் மிச்சம் பத்துப் பேர் என்ன பாவம் செய்தார்கள்? உங்கள் அணியில் அப்படி யாராவது இருந்தால், டாஸ் போடுவதற்கு முன்பே கோச்சிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள்.